இன்ஹேலர் வைத்திருப்பவருக்கு வலி மாத்திரை

மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர், "நான் இன்ஹேலர் போடுறவன், இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பது அபூர்வம். கேட்டாலும், "ஒண்ணும் செய்யாது, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று மட்டும் பார்த்தால், அந்தப் பதிலில் தவறில்லை. ஒரு பக்கம் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபினாக். மறுபக்கம் சால்பியூட்டமால், ஃபார்மோடெரால், பியூடெசொனைடு. இவை ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பதில்லை. ஆனால் வலி மாத்திரைக்கும் சிலருடைய நுரையீரலுக்கும் ஆகாது. அந்தச் சிலர் யார் என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதியிருக்காது.

முதலில் மோதல் ஏன் இல்லை என்பதைப் பார்த்துவிடலாம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் இழுத்தாலும் மாத்திரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். மருந்து நேராக மூச்சுக்குழலுக்கே போய்விடுவதால் இவ்வளவு போதும். ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சு இலகும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ரத்தத்துக்குப் போகும் சொற்ப அளவால் கை கொஞ்சம் நடுங்கலாம், படபடப்பு வரலாம். ஸ்டீராய்டு இன்ஹேலரின் கதையும் இதுதான். அதிலும் அளவு மைக்ரோகிராம்தான். போட்டபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வயிற்றுக்குப் போவதும் குறையும். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும் என்று பலருக்கும் தெரியும். அந்த எச்சரிக்கை விழுங்கும் ஸ்டீராய்டுக்கானது, வழக்கமான அளவில் இழுக்கும் ஸ்டீராய்டுக்கானதல்ல.

இனி அந்தச் சிலருக்கு வருவோம். காய்ச்சல் நீடித்தால் நம் ஊர் லேப்களில் இன்றும் எடுக்கும் விடால் டெஸ்ட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பரிசோதனைக்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் விடால், 1922இல் பாரிசில் தம் சகாக்கள் இருவருடன் சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா இருந்தது, மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது, ஆஸ்பிரின் கொடுத்தால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பிரின் கடைகளுக்கு வந்து அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. விடால் குழு மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. அப்படியே உடலை அதற்குப் பழக்கவும் செய்தது. அந்தக் கட்டுரையை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. 1968இல் அமெரிக்காவில் மேக்ஸ் சாம்டரும் ரே பியர்ஸும் இதே மூன்று குறிகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய பிறகுதான் நோய்க்குப் பெயர் நிலைத்தது. அதுவும் சாம்டரின் பெயரில். டைஃபாய்டு பரிசோதனையில் தங்கிய விடாலின் பெயர், அவர் முதலில் கண்ட நோய்க்குக் கிடைக்கவில்லை.

இது ஆஸ்பிரின் ஒவ்வாமை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்போல, இவருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அந்தக் கணக்கில் ஒரு விஷயம் இடித்தது. பென்சிலின் ஆகாதவருக்கு, வடிவத்தில் பென்சிலினை ஒத்த மருந்துகள்தான் ஆகாமல் போகலாம். இந்த நோயாளிகளுக்கோ ஆஸ்பிரினோடு வேதியியல் உறவே இல்லாத இண்டோமெத்தசினும் ஆகவில்லை, மெஃபனமிக் அமிலமும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலமைடு ஆயிற்று. போலந்தில் கிராக்கோவ் நகரத்து மருத்துவர் ஆந்திரே ஷெக்லிக் 1975இல் இந்த முடிச்சை அவிழ்த்தார். எந்தெந்த மருந்துகள் உடலில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றனவோ அவையே மூச்சை அடைக்கின்றன, தடுக்காதவை அடைப்பதில்லை என்று அவர் காட்டினார். அப்படியானால் உடல் மருந்தின் வடிவத்தைக் கண்டு மிரளவில்லை, மருந்து செய்யும் வேலையால்தான் தடுமாறுகிறது. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்குமென்றால் இதுவே நிற்கட்டும். "எனக்கு ஆஸ்பிரின்தான் ஆகாது, டைக்ளோஃபினாக் வேறே மருந்துதானே" என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இங்கிருந்துதான் வருகிறது.

அந்த வேலை என்ன என்று கண்டுபிடிக்க உதவியதும் நுரையீரல்தான். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஜான் வேன் என்ற மருந்தியலாளர், பிரிசில்லா பைப்பருடன் சேர்ந்து 1969இல் ஒரு சோதனை செய்தார். ஒவ்வாமைக்கு ஆளாக்கிய கினிப் பன்றியின் நுரையீரலைத் தூண்டியபோது, முயலின் ரத்தக்குழாய்த் துண்டைச் சுருங்க வைக்கும் ஏதோ ஒன்று அதிலிருந்து கசிந்தது. ஆஸ்பிரின் சேர்த்ததும் கசிவு நின்றது. 1971இல், கினிப் பன்றியின் நுரையீரலை அரைத்தெடுத்த கலவையில் ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது என்று வேன் நிறுவினார். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் உலகமே எழுபது ஆண்டுகளாக விழுங்கிக்கொண்டிருந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கதையின் மற்றொரு பாதி, ஆஸ்திரேலியாவில் நாகப்பாம்பின் விஷத்தில் தொடங்கியது. ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் வேலையை இழந்து வெளியேறிய வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், மெல்பர்னில் சார்ல்ஸ் கெல்லவேயுடன் சேர்ந்து, பாம்பு விஷத்தைக் கினிப் பன்றியின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தார். வெளியே வந்த திரவத்தில் ஹிஸ்டமின் இருந்தது; அதோடு வேறொரு பொருளும் இருந்தது. அது தசையை மெதுவாகச் சுருக்கியது, சுருக்கியபின் எளிதில் விடவில்லை. 1938இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். அந்தப் பொருள் எதுவென்று அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை. 1979இல் ஸ்டாக்ஹோமில் பெங்த் சாமுவேல்சன் குழு அதன் வேதியியல் வடிவத்தைக் கண்டது. இன்று அந்தக் குடும்பத்துக்கு லூக்கோட்ரையீன் என்று பெயர். மூச்சுக்குழலைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலியது. 1982ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை வேனும் சாமுவேல்சனும் சுனே பெர்க்ஸ்ட்ரோமும் பகிர்ந்துகொண்டார்கள். வலி மாத்திரையால் மூச்சடைக்கும் நோயாளியின் உடலுக்குள் நடப்பது, அந்தப் பரிசின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் நிகழ்ச்சிதான்.

பாடப் புத்தகம் இதை இப்படிச் சொல்லும். செல்களின் உறையில் அராக்கிடோனிக் அமிலம் இருக்கிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். இன்னொரு நொதி லூக்கோட்ரையீனாக மாற்றும். ஒரே மடையிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களில் ஒன்றை அடைத்தால் மற்றதில் வெள்ளம் புரளும் என்பதுபோல, வலி மாத்திரை காக்ஸை அடைத்ததும் எல்லாம் லூக்கோட்ரையீன் பக்கம் பாய்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போதவில்லை. அடைப்பு எல்லோருக்கும்தானே விழுகிறது? கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போடும் எல்லோருக்கும் ஏன் இளைப்பு வருவதில்லை? விடை புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்தில் இருக்கும் ஈ2 என்ற ஒன்றில் இருக்கிறது. அது லூக்கோட்ரையீன் உற்பத்தியை மட்டுப்படுத்தி, மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமை அணுக்களையும் அடக்கி வைக்கிறது. இந்த நோயாளிகளின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் இயோசினோபில் என்ற வெள்ளணுக்களும் மாஸ்ட் செல்களும் ஏற்கெனவே கூட்டமாகச் சேர்ந்திருக்கும், லூக்கோட்ரையீனும் எந்நேரமும் மிகுதியாகவே சுரந்துகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈ2-வின் தயவில்தான் அவர்கள் மூச்சு ஓடுகிறது. மாத்திரை அதையும் எடுத்துவிடுகிறது.

அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து. நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் தொடங்குகிறது, பெண்களுக்குச் சற்று அதிகம். முதலில் தீராத மூக்கடைப்பு, சளி. பிறகு மோப்பம் குறைகிறது; தாளிக்கும் வாசனை தெரிவதில்லை. ஸ்கேன் எடுத்தால் மூக்கில் சதை தெரிகிறது, அறுவை செய்து எடுத்தாலும் திரும்ப வளர்கிறது. அதற்குள் ஆஸ்துமாவும் வந்துவிடுகிறது. இந்த வரிசையில் ஒரு நாள், வலி மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, முகம் சூடேறி, நெஞ்சு இறுகும். அதற்கு முன்பு அதே மாத்திரையை எத்தனையோ முறை சாப்பிட்டிருப்பார். "சின்ன வயசிலிருந்து போடுறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்ற சாட்சியம் இந்த நோயில் செல்லாது. ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ இதைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. மருத்துவமனையில், எல்லா ஏற்பாடுகளோடும், மருந்தைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வீட்டில் பாதி மாத்திரை போட்டுப் பார்க்கிற வேலை கூடாது. சராசரியாக 60 மில்லிகிராம் ஆஸ்பிரினே எதிர்வினையைக் கிளப்பப் போதும்.

இன்ஹேலர் போட்டுக்கொண்டு மாத்திரை சாப்பிட்டால் சமாளிக்கலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும். லூக்கோட்ரையீன் சுரப்பதை நிறுத்தாது. வீக்கமும் சளியும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மான்டிலூகாஸ்ட் மாத்திரை லூக்கோட்ரையீன் ஒட்டும் இடத்தை மறிக்கிறது. எதிர்வினை லேசாகலாம், வராது என்ற உத்தரவாதம் கிடையாது. ஏற்கெனவே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது, அதாவது வாரத்தில் பல நாள் நிவாரண இன்ஹேலரைத் தேடும்போது, இந்த எதிர்வினை வந்தால் அது முரட்டுத்தனமாகவே வரும்.

வந்துவிட்டால் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஸ்பேசர் இருந்தால் அதன் வழியே சால்பியூட்டமால் 4 முதல் 10 பஃப் வரை, முதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது, முகமோ நாக்கோ வீங்குகிறது என்றால் அந்த ஒரு மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108.

கடையில் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. நம் நாட்டில் வலி மாத்திரைகள் தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்பதே அதிகம். காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. ஜெரோடால்-பி என்பது அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும். டோலோ 650 வெறும் பாராசிட்டமால்; டோலோகைண்ட் பிளஸ்ஸிலோ அசிக்ளோஃபினாக்கும் உண்டு. ஆஸ்துமாக்காரர் டோலோ கேட்க, கடைப் பையன் அவசரத்தில் மற்றதை எடுத்துக் கொடுத்தால் பெயரைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் பையிலேயே வைத்திருக்கும் மெஃப்தால்-ஸ்பாஸில் இருப்பது, ஷெக்லிக்கின் பட்டியலில் இருந்த அதே மெஃபனமிக் அமிலம். நோய் பெண்களுக்கு அதிகம் என்பதோடு இதைச் சேர்த்து யோசித்தால், "பீரியட்ஸ் வந்தால் எனக்கு வீசிங்கும் வரும்" என்று சொல்லும் பெண்ணிடம் அன்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்பது அவசியமாகிறது. டிஸ்பிரினைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களில் பலருக்கு அது ஆஸ்பிரின் என்பதே தெரியாது. அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

விழுங்கினால்தான் ஆபத்து என்றும் இல்லை. பல் பிடுங்கிய பின்பு இடுப்பில் போடும் டைக்ளோஃபினாக் ஊசி மாத்திரையைவிட வேகமாக வேலை செய்யும், கெடுதலையும் அதே வேகத்தில் செய்யும். தைலம், ஜெல் வகையில் தோல் வழியே ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. பெரும்பாலோருக்குத் தொல்லை தராது, ஆனால் ஏற்கெனவே எதிர்வினை வந்தவர் அதையும் தொடாமல் இருப்பதே நல்லது. கண்புரை அறுவைக்குப் பின் தரும் கெட்டோரோலாக் சொட்டு மருந்தால் ஆஸ்துமா கிளம்பிய நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கண் டாக்டரிடம் போய் ஆஸ்துமாவைப் பற்றி யார் பேசுவார்கள்?

பிறகு எதைத்தான் போடுவது? பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிறது. அது மூச்சுக்குழலில் காக்ஸைத் தொட்டும் தொடாமலும் போகிறது. ஒரே வேளைக்கு 1000 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தபோது, ஆஸ்பிரின் ஆகாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு எதிர்வினை வந்தது, பெரும்பாலும் லேசாக. அதனால் "வலி தாங்கலை, ரெண்டாப் போடுறேன்" என்பதில் கவனம் தேவை. பாராசிட்டமாலுக்கு அடங்காத மூட்டு வலிக்கு செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் வகை உண்டு. இவை காக்ஸ்-1ஐ விட்டுவிட்டு காக்ஸ்-2ஐ மட்டும் பிடிக்கின்றன. மூச்சுக்குழலைக் காக்கும் ஈ2-வில் பெரும்பகுதி காக்ஸ்-1 தயவில் உருவாவது என்பதால், ஆஸ்பிரின் ஆகாதவர்களில் மிகப் பெரும்பாலோர் இவற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில் போட்டுப் பார்ப்பது வழக்கம். இதயநோய் உள்ளவருக்கு இவை நல்லதல்ல. அதே குடும்பத்து ரோஃபிகாக்சிப் மாரடைப்புகளால் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆஸ்துமாவைப் பற்றி. புகைபிடித்தோ, விறகடுப்புப் புகையில் காலம் கழித்தோ நுரையீரல் கெட்டுப்போன சி.ஓ.பி.டி. நோயாளிகளின் சங்கதி வேறு. அவர்களுக்கு மூச்சடைப்பு எதிர்வினையைவிட மற்ற உறுப்புகளே கவலை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மூச்சு மோசமாகும்போதெல்லாம் சில நாள்களுக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதித் தருவார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து முதியவர்களைப் பற்றி 1991இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இரைப்பைப் புண் வரும் வாய்ப்பு, இரண்டும் எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 15 மடங்கு இருந்தது. வலி மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், நீர் பிரியத் தரும் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். வலப்பக்க இதயம் தளர்ந்து ஏற்கெனவே கால் வீங்கியிருப்பவருக்கு, முழங்கால் வலி குறைந்தும் மூச்சிரைப்பு கூடுவதன் காரணம் இதுவாக இருக்கலாம். இன்ஹேலர் அளவைக் கூட்டிப் பயனில்லை, மாத்திரையை நிறுத்த வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். இந்த நோய் சிறுவர்களுக்கு அரிது. லேசான ஆஸ்துமா உள்ள, ஐந்து வயதுக்குட்பட்ட 300 குழந்தைகளிடம் பாராசிட்டமாலையும் ஐபுபுரூஃபெனையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆஸ்துமா கிளம்புவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. டெங்கு பரவும் மாதங்களில் ஐபுபுரூஃபெனைத் தவிர்ப்பது வேறு காரணத்துக்காக. அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

இதயத்துக்காக எக்கோஸ்பிரின் 75 தினமும் போட்டுவரும் ஆஸ்துமாக்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. மாதக்கணக்கில் போட்டும் மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதைத் தொடர்வதுதான் சரி. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரின் ஆகாது என்று தெரிந்தவருக்கு மாரடைப்பும் வந்தால்தான் சிக்கல். அங்கேதான் விடால் 1922இல் செய்தது திரும்ப உதவுகிறது. மருத்துவமனையில் சேர்த்து, 20 அல்லது 40 மில்லிகிராமில் தொடங்கி, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு, ஓரிரு நாளில் 325 வரை ஏற்றுகிறார்கள். நடுவில் இளைப்பு வந்தால் அடக்கிவிட்டு அதே அளவிலிருந்து தொடர்கிறார்கள். ஒரு கட்டத்தில் எதிர்வினை வருவதே நின்றுவிடுகிறது. ஆஸ்பிரினுக்கு நின்றால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் எல்லாவற்றுக்குமே நிற்கிறது. தொடர்ந்து தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் பலருக்கு மூக்குச் சதை திரும்ப வளர்வது மெதுவாகிறது, சிலருக்கு மோப்பம்கூடத் திரும்புகிறது. ஆனால் பழக்கம் நிலைப்பது தினமும் மாத்திரை போகும் வரைதான். இரண்டு மூன்று நாள் விட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். ஏதோ ஓர் அறுவைக்காக ஒரு வாரம் ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால் இவர் அதை முன்கூட்டியே தம் நுரையீரல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திரும்பத் தொடங்கும்போது வீட்டில் 75 மில்லிகிராம் போட முடியாது, மறுபடி மருத்துவமனையில் அந்த முதல் 20 மில்லிகிராமிலிருந்துதான்.